பாகும் பாறையும்

பள்ளிக்கூடத்து நிலப்படம் ஒன்றை மேஜைமேல் விரித்து, கள்ளக்குறிச்சி என்ற சிறு புள்ளியின்மேல் அடிக்கோலை வைத்து, நேர்கிழக்காகப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு உளுந்தூர்ப்பேட்டையையும் பண்ருட்டியையும் ஒட்டினாற்போல் சென்று, கடலூரில் கரையைக் கடந்து, வங்காள விரிகுடாவின் நீல வெளியில் ஒரு தீவையும் தொடாமல் நெடுந்தூரம் ஓடி, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சற்று வடக்கே போய் முட்டும். 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தத் துறைமுகத்திலிருந்து வடகிழக்காக இன்னும் 140 கிலோமீட்டர் சென்றால், பாரதநாட்டின் எல்லைக்குள் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலையாகிய பாரன் தீவைக் காணலாம். கல்வராயன் மலையடிவாரத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, நம் மலைக்கும் அந்தத் தீவுக்கும் ஏதோ உறவு இருக்கிறதென்று சிறு வயதில் யாராவது சொல்லியிருந்தால், பரிகாசம் செய்கிறார்கள் என்றே எண்ணியிருப்பேன். உறவு உண்டு, அதுவும் தூரத்து உறவன்று.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பிரயாணக் கப்பல் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று நாட்களாகும். முதல் நாள் மயக்கமும் வாந்தியுமாகக் கழிவதைப் பற்றி விஸ்தாரமாக எழுத வேண்டியதில்லை. அதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அனுபவியாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. இரண்டாம் நாள் காலையில் தலை நிமிர்ந்து கப்பலின் விளிம்பருகே நிற்கிறவனுக்கு, கடலூர் மீனவர்கள் கோலா என்று சொல்லும் பறக்கும் மீன்கள், கப்பலின் முகப்பு கிழித்த அலையிலிருந்து வெள்ளி ஊசிகளைப் போல் கொத்தாகக் கிளம்பி, சிறகாக விரிந்த துடுப்புகளால் காற்றில் வழுக்கி மறுபடியும் நீரில் மறைவதைப் பார்ப்பது, பட்ட கஷ்டத்துக்கெல்லாம் பிரதிபலன். போர்ட் பிளேரிலிருந்து பாரன் தீவுக்குச் செல்லும் சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் இரவில் புறப்பட்டு விடியலில் தீவை அடைகின்றன. அடைகின்றன என்பதற்கு அருகில் செல்கின்றன என்றே பொருள். கரையில் இறங்க எவருக்கும் அனுமதி இல்லை. பசிபிக் சமுத்திரத்தில் உள்ள கலாபகோஸ் தீவுகளில், வழிகாட்டியின் பின்னால் வரிசையாக இறங்கி, எரிகற்குழம்பு உறைந்த பாறையின்மேல் வெயில் காயும் பேரோந்திகளின் நடுவே நடந்து வரலாம் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே சிறிது ஏமாற்றம் அடைவார்கள். எனக்கு அந்த ஏமாற்றம் இல்லை. சில ஸ்தலங்களைத் தொலைவிலிருந்து தரிசிப்பதே அவற்றுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

இருள் பிரியும் வேளையில் முதலில் தெரிவது ஒரு மதில். வட்டமாக வளைந்த கரிய மதில். அதன் விட்டம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். பண்டைக் காலத்தில் நிகழ்ந்த ஒரு பெருவெடிப்பில் தன் தலையை இழந்து உள்ளே சரிந்துபோன பழைய எரிமலையின் எஞ்சிய சுவர் அது. மேற்குப் பக்கத்தில் அந்தச் சுவர் உடைந்து, கோட்டையின் வாசல்போல் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாக உள்ளே நோக்கினால், களத்து நடுவில் குவித்த தானியக் குவியலைப்போலச் சரிவு பிசகாத ஒரு கூம்பு நிற்கிறது. சாம்பலும் நுரைக்கல்லும் விழுந்து விழுந்து தாமாகவே அடுக்கிக்கொண்ட குவியல் அது. அதன் காலடியிலிருந்து கரடுமுரடான கரும்பாறை ஆறு ஒன்று வாசல் வழியே வந்து கடலுக்குள் இறங்குகிறது. பாய்ந்து வந்த வேகத்தில் யாரோ ‘நில்’ என்று சொன்னாற்போல உறைந்து நிற்கும் ஆறு.

தீவு முழுவதும் குறுக்கே அளந்தாலும் 3 கிலோமீட்டர்தான். உயரம் 354 மீட்டர். இதைக் கேட்டால் கல்வராயன் மலைவாசி ஒருவர் சிரித்துவிடுவார். பெரிய கல்வராயன் பக்கத்துச் சிகரங்கள் 4,000 அடியை எட்டுகின்றனவே! ஆனால் பாரன் தீவின் பாதம் கடல்மட்டத்தில் இல்லை. ஏறத்தாழ 2,250 மீட்டர் ஆழத்தில் சமுத்திரத் தரையில் ஊன்றியிருக்கிறது. அடிமுதல் நுனிவரை அளந்தால் நம் மலையைப்போல் இருமடங்கு உயரமுள்ள பர்வதம் அது. நாம் பார்ப்பது அதன் உச்சிக் குடுமியை மட்டுமே.

அந்தமானில் முதற்குடியேற்றத்தை ஏற்படுத்திய ஆர்ச்சிபால்டு பிளேர், 1789இல் இத்தீவின் அருகே சென்றபோது, அது செந்தழற் கற்களை வாரி இறைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதிவைத்தார். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது அடங்கியது. அடங்கிய நிலையிலேயே நூறாண்டுகளுக்கு மேல் கிடந்ததால், பலர் அதைச் செத்த எரிமலை என்றே கணக்கில் எழுதிவிட்டனர். எரிமலைகளைப் பற்றி அவசரப்பட்டு மரணக் குறிப்பு எழுதுவது எப்போதும் அபாயமான காரியம். 1991இல் அது விழித்தது. 1994இல் மறுபடியும் எழுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நம் கடற்கரைகளை அழித்த ஆழிப்பேரலையை எழுப்பிய மகா பூகம்பம் நிகழ்ந்து ஐந்து மாதங்களில், 2005 மே மாதத்தில் மீண்டும் குமுறியது. பூகம்பத்துக்கும் குமுறலுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 2017 ஜனவரியில், கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அருகில் கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது, கூம்பின் வாயிலிருந்து விட்டுவிட்டுச் சில நிமிஷ நேரங்கள் சாம்பல் எழுவதையும், பொழுது சாய்ந்தபின் அதே சாம்பல் நின்ற இடத்தில் செங்குழம்பு ஊற்றாகப் பொங்குவதையும் பிரத்தியட்சமாகக் கண்டனர். பகலில் புகையாகத் தெரிவது இரவில் நெருப்பாகத் தெரிகிறது. மலை மாறுவதில்லை, வெளிச்சந்தான் மாறுகிறது.

இனி, இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லாமல், பெரிதும் சிறிதுமான பல தகடுகளாக உடைந்து, ஒவ்வொன்றும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் இந்தியத் தகடு வடகிழக்கு நோக்கி ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில், அதாவது நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே அதிகமாக, நகர்கிறது. கல்வராயன் மலையும், கோமுகி அணையும், சின்னசேலத்து மரவள்ளிக் காடுகளும், வங்காள விரிகுடாவின் அடித்தரையும் யாவும் ஒரே வண்டியின்மேல் ஏற்றிய பாரங்கள். அந்த வண்டியின் முன்விளிம்பு, அந்தமானுக்கு மேற்கே, கடலுக்கடியில் உள்ள நீண்ட அகழியில், எதிரே உள்ள பர்மாத் தகட்டின் அடியில் நுழைந்து சரிந்து ஆழ்ந்து போகிறது. நாம் ஏறியிருக்கும் வண்டியின் மூக்குதான் அங்கே பூமிக்குள் புதைகிறது. அதன் விளைவாகத்தான் பாரன் தீவு எரிகிறது. நான் தொடக்கத்தில் சொன்ன உறவு இதுவே. அத்தீவின் தரையில், கடல்மட்டத்துக்கு மேலே கிடைத்த எரிகற்படிவங்களுள் பழமையானதற்குச் சுமார் 16 லட்சம் ஆண்டு வயது என்று கணித்திருக்கிறார்கள். அந்தப் படிவம் உறைந்த நாளிலிருந்து இன்றுவரை, இதே வேகத்தில் வந்திருந்தால், கல்வராயன் மலை 80 கிலோமீட்டர் நகர்ந்து வந்திருக்கும்.

ஆழ்ந்து போகும் தகடு ஏன் நெருப்பை உண்டாக்க வேண்டும்? உரசலால் சூடேறி உருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. சமுத்திரத் தரையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிக் கிடந்த அந்தத் தகடு, தன் கனிமங்களுக்குள் நீரைக் கட்டிக்கொண்டு போகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தமும் உஷ்ணமும் தாங்காமல் அந்த நீர் வெளிப்பட்டு, மேலேயுள்ள சூடான பாறைக்குள் புகுகிறது. உலர்ந்த நிலையில் அந்த உஷ்ணத்தில் உருகாத பாறை, நீர் பட்டவுடன் நூற்றுக்கணக்கான பாகை குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் அச்சு வெல்லத்தை வெறுஞ்சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினால் அது அடிப்பிடித்துக் கருகும்; ஒரு கரண்டித் தண்ணீர் விட்டால் இளஞ்சூட்டிலேயே இளகிப் பாகாகும். உவமை முழுக்கப் பொருந்தாது. சட்டியில் நடப்பது கரைவது, பூமிக்குள் நடப்பது உருகுவது. ஆயினும் ஒரு கரண்டித் தண்ணீரின் மகிமையை விளக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

வெல்லப் பாகைப் பற்றிப் பேச்செடுத்த பிறகு அதை இலேசில் விட மனம் வரவில்லை. கொப்பரையருகே நின்று பதம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இளம்பாகைச் சாய்த்தால் ஓடிப் பரவும், முற்றிய பாகு உருட்டுப் பதத்துக்கு வந்துவிட்டால் விழுந்த இடத்திலேயே குவிந்து நிற்கும். எரிகற்குழம்பிலும் இப்படிப் பதபேதம் உண்டு. அங்கே பதத்தை முக்கியமாக நிர்ணயிப்பது சிலிகா என்னும் மணற்சத்து. அது குறைந்தால் குழம்பு இளகியிருக்கும், மிகுந்தால் கெட்டிப்படும். பாரன் தீவின் குழம்பு பெரும்பாலும் எரிமலைக் கரும்பாறை இனத்தைச் சேர்ந்த இளம்பாகு; ஆகையால் அதற்குள் அகப்பட்ட வாயுக்கள் களிப்பானையின் குமிழிகளைப்போல் ‘பொத், பொத்’ என்று விட்டுவிட்டு வெடித்து வெளியேறுகின்றன. அங்கிருந்து வடகிழக்கே 135 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நார்கொண்டம் தீவோ முற்றிய பாகு. ஆகையால் பரவாமல் குவிந்து, 710 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அது சரித்திர காலத்தில் வெடித்ததாகக் குறிப்பில்லை. நார்கொண்டம் என்ற பெயர் ‘நரக குண்டம்’ என்பதன் திரிபு என்றும், அந்தப் பெயர் முதலில் பாரன் தீவுக்கே உரியதாயிருந்து பிற்பாடு மாலுமிகளின் தவறினால் இடம் மாறிவிட்டது என்றும் ஒரு கூற்று உண்டு. அழகான கூற்று, அழகாயிருப்பதனாலேயே அதைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கத் தோன்றுகிறது.

நரகமென்று பெயர் பெற்ற அந்தத் தீவு ஒரு பறவைக்குச் சுவர்க்கம். உலகில் வேறெங்கும் இல்லாத நார்கொண்டம் இருவாச்சி, 7 சதுர கிலோமீட்டர் அளவுள்ள அந்தக் காட்டுக்குள் மட்டுமே வாழ்கிறது. 1873இல் இதை அறிவுலகத்துக்கு விவரித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தாரே, அதே ஹியூம்தான். அரசியல் நூல்களில் அவரை அறிந்தவர்கள் பலர், பறவை நூல்களில் அறிந்தவர்கள் சிலர். ஆண் பறவைக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. இனவிருத்திக் காலத்தில் பெண் ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு இடம் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு தவமிருக்க, ஆண் அத்திப்பழங்களைத் தொண்டையில் சுமந்து வந்து ஊட்டுகிறது. தின்ற பழத்தின் விதைகளைக் காடெங்கும் எச்சமாகத் தூவுவதால், எந்தக் காடு அந்தப் பறவையை வாழ்விக்கிறதோ அந்தக் காட்டைப் பறவையே நட்டுக்கொள்கிறது. சமீபத்துக் கணக்கெடுப்புகளின்படி அவற்றின் தொகை ஏறத்தாழ ஆயிரம். நம் மாவட்டத்தில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்! 2012இல் அத்தீவில் ஒரு ரேடார் நிலையம் அமைக்கும் யோசனையை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏற்க மறுத்ததற்கு இந்தப் பறவையே காரணம்.

பாரன் தீவில் அத்தகைய செழிப்பு இல்லை. ஆனால் பாரன், அதாவது மலடு, என்று ஆங்கிலேயன் பெயரிட்டது நியாயமும் அன்று. பழைய மதிற்சுவரின் வெளிப்புறச் சரிவுகளில், முக்கியமாகக் கிழக்குப் பக்கத்தில், பச்சை உண்டு. நெருப்பில் பிறந்த நிலத்தில் ஜீவராசிகள் எப்படிக் குடியேறுகின்றன என்பதற்கு உலகம் நெடுக உதாரணங்கள் இருக்கின்றன. 1883இல் கிராகதோவா தீவு வெடித்துச் சாம்பலானபின், மறு ஆண்டில் அங்கே போன ஒருவர் தேடித் தேடிக் கண்ட உயிர் ஒரேயொரு சிலந்தி. காற்றில் நூல் விட்டுப் பறந்து வந்து, பிடிக்க ஓர் ஈகூட இல்லாத ஊரில் வலை பின்னிக்கொண்டிருந்தது. பாரன் தீவுக்கு வந்தவற்றில் முக்கியமானது வெள்ளையும் கறுப்புமான ஒரு பெரிய கடற்கரைப் புறா. தீவுக்குத் தீவு பறந்து, பழம் தின்று விதை விதைப்பது. 1991ஆம் ஆண்டுக் குமுறல் ஓய்ந்தபின், 1993 ஏப்ரலில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் அங்கே சென்று பார்த்தபோது, முன்பு குறிக்கப்பட்டிருந்த பதினாறு வகைப் பறவைகளில் ஆறு வகைகளே கண்ணில் பட்டன. அவற்றுள்ளும் இந்தப் புறாவே மிகுதி. இரவில் எலிகள் நடமாடின. பூச்சிகளில் 51 வகை இருந்தன. மேலே மலை கனன்றுகொண்டிருக்க, கரும்பாறை ஆறு இறங்கிய இடத்தில் கடலுக்குள் பவளம் புதிதாகப் படர்வதையும், கொம்புத் திருக்கைகள் கம்பளம் விரித்தாற்போல் மிதந்து செல்வதையும் முக்குளிப்போர் கண்டிருக்கின்றனர்.

ஆடுகளும் உண்டு. 1891இல் போர்ட் பிளேரிலிருந்து வந்த ஒரு நீராவிக் கப்பல் விட்டுச் சென்ற வெள்ளாடுகளின் வம்சம் அது. கப்பலுடைந்து கரையொதுங்குவோர்க்கு உணவாகட்டும் என்று ஆள் இல்லாத தீவுகளில் ஆடுகளை இறக்கிவிடுவது அக்காலத்து மாலுமிகளின் வழக்கம். அந்தத் தயவு பல தீவுகளின் தாவரங்களுக்கு யமனாக முடிந்தது; கலாபகோஸில் மட்டும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆடுகளைக் கொன்றொழித்த பின்னரே ஆமைகளுக்கு மேய்ச்சல் மிஞ்சியது.

ஊர் திரும்பியபின் ஒரு நாள், கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், ஒரு வளைவில் வெட்டுண்டு கிடந்த பாறையின் முன் நின்றேன். பச்சை கலந்த சாம்பல் நிறம். எண்ணெய் பூசினாற்போல் ஒரு மினுமினுப்பு. கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் பருமணிகள். நிலவியலார் இதைச் சார்னோக்கைட் என்பர். கல்கத்தாவைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த இனத்தது; அது சென்னைப் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லறையை நினைத்தே தாமஸ் ஹாலந்து என்ற அறிஞர் 1893இல் இப்பாறைக்குப் பெயர் சூட்டினார். நம் மலைகளின் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்த வெள்ளைக்கார வியாபாரியின் பெயர் வந்து சேர்ந்த விசித்திரம் இப்படி. பாரன் தீவின் கரும்பாறையில் மணிகள் கண்ணுக்கே தெரியாத நுண்மையாயிருப்பானேன், இங்கே இவ்வளவு பருமனாயிருப்பானேன்? பாகைச் சட்டெனக் குளிரவைத்தால் மாவாகப் பொரியும். நூல் கட்டிப் பல நாள் ஆறவிட்டால் கற்கண்டாக வளரும். தீவின் குழம்பு காற்றிலும் கடல்நீரிலும் பட்டு நிமிஷங்களில் உறைந்தது. கல்வராயன் கல்லோ, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் நெடுங்காலம் வெந்து, அவசரமின்றி மணி கட்டியது. மேலிருந்த அத்தனை ஆழப் பாறையையும் மழையும் காற்றும் தேய்த்துக் கொண்டுபோனபின் அடிக்கல் இன்று வெயில் காய்கிறது. அப்படித் தேய்ந்த மண் கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் வெள்ளாற்றிலும் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்ந்து, கடலடித் தரையோடு நகர்ந்து, அகழியில் ஆழ்ந்து, பாரன் தீவின் வாயில் நெருப்பாக வெளிவருமோ என்று ஒரு கணம் கற்பனை ஓடியது. சிறு ஆறுகளின் வண்டல் பெரும்பாலும் கரையோரத்திலேயே தங்கிவிடுவது என்பது நினைவுக்கு வந்ததும் கற்பனையை நிறுத்திக்கொண்டேன்.

கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், நான் கல்லைத் தடவிக்கொண்டு நிற்பதைக் கண்டு தாமும் நின்றார். தீவின் சங்கதியைச் சொன்னேன். நெருப்பு கக்கும் மலையைப் பற்றி அவர் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. ஆட்டைப் பற்றிச் சொன்னதும் மூட்டையை இறக்கி வைத்தார்.

“அந்த ஆட்டுங்களுக்குத் தண்ணிக்கு என்ன வழி சாமி?”

“ஊற்று இருக்கிறது பெரியவரே. அது எட்டாதபோது கடல்தண்ணியையே குடிக்கிறதாகப் பார்த்தவங்க எழுதியிருக்காங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “உப்புத் தண்ணியைக் குடிக்குதா! அப்போ கறி எப்படியிருக்கும்?” என்றார்.

அதை எந்த ஆராய்ச்சிக் குறிப்பிலும் நான் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, இறக்கத்தில் நடையைக் கட்டினார்.